கடைசி நம்பர்க்காரி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற சனல் சென்ரரில் நான் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். கொழும்பில் சுகமில்லையென்றால் ஆட்கள் முதலில் செய்கிற காரியம் விசேட வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணுவதுதான், அதாவது காசு கட்டிப் பார்க்க நேரம் எடுப்பதுதான். யாருடைய கடிதமும் தேவையில்லை. தனக்கு என்ன வருத்தம் என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, அதற்குரிய டொக்டரின் பெயரைச் சொல்லி நம்பர் எடுத்தால் போதும். அந்த நம்பரை எழுதிக் கொடுக்கிறவள் நான்.

பாதிப் பேருக்கு எந்த டொக்டர் என்று தெரியாது. கவுண்டருக்கு முன்னால் நின்று என் முகத்தைப் பார்ப்பார்கள். "தங்கச்சி, எனக்கு ஒரு மாதிரி இருக்கு. ஆரைப் பாத்தா நல்லம்?"

"ஒரு மாதிரியெண்டா என்ன மாதிரி?" என்று கேட்பேன்.

அதற்குப் பிறகு அவர்கள் சொல்வதைக் கேட்கத்தான் நான் ஒவ்வொரு நாளும் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறேன் என்றால் பொய்யில்லை. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், "நெஞ்சுக்குள்ள ஆரோ அலுமாரி இழுக்கினம் பிள்ளை" என்றார். ஹற்றன் பக்கமிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா, "காலு ரெண்டும் என்கூடக் கோவிச்சுக்கிட்டுத் தனியா நடக்குதுங்க" என்றார். கொம்பனித்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் தன் தலைச்சுற்றைப் பற்றி, "ஊடு நேராத்தான் ஈக்குது, நான்தான் சரிஞ்சு போறன்" என்றார். உள்ளே டொக்டர் இதையெல்லாம் ஒரு நீட்டு வார்த்தையாக மாற்றி எழுதிவிடுவார். எனக்குப் பிடித்தது அவர்கள் வாயால் வந்ததுதான். படிப்பு என்று எனக்கு இருப்பதெல்லாம் அந்தக் கவுண்டரில் நின்று கேட்டது. அலுமாரி என்றால் இருதய டொக்டர், கோபித்த கால் என்றால் முதலில் சீனி ரிப்போர்ட், சரிகிற ஆள் என்றால் காது டொக்டர். பெரும்பாலும் பிழைக்காது. "பிள்ளை சரியான ஆளிட்டத்தான் அனுப்பினது" என்று சொல்ல மட்டும் படியேறி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கவுண்டரைத்தான் நான் இழக்கப் பார்த்தேன். காரணம், என் வயிறு.

எனக்குப் பதினைந்து வயதில் தொடங்கியது. மாதச் சுகயீனம் வருகிற நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் நோகும் என்று தெரியும். எனக்கு நொந்தது கொஞ்சமில்லை. இடது அடிவயிற்றில் பிடித்து, முதுகுக்குப் போய், தொடை வழியாக இறங்கும். மலம் கழிக்கப் போனால் கதவுப்பிடியை இறுக்கிக்கொண்டு இருப்பேன். வாந்தி வரும். பள்ளிக்கூடச் சீருடை வெள்ளை என்பதால் அந்தப் பயம் வேறு.

அம்மா துவாயில் சுற்றிய சுடுதண்ணிப் போத்தலோடு வருவார். கொத்தமல்லி அவிப்பார், உள்ளி சுட்டுத் தருவார். என் முதுகை உருவிக்கொண்டே, "எல்லாருக்கும் வாறதுதானே மகள். நானும் இதோடதானே மூண்டு பிள்ளை பெத்தனான்" என்பார். "கலியாணம் முடிச்சு ஒரு பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாயிடும்." சமையல் பாதியில் கிடந்தாலும் அந்தக் கை என் முதுகை விட்டு எடுபடாது. அம்மா என்னை நம்பாமல் இல்லை. நோவை நம்பினார். அது ஒரு நோயாக இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் காலை நான் நிமிரவே முடியாமல் போக, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா வேலைக்குப் போகாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்பெண்டிக்ஸ் என்று வெட்டி எடுத்தார்கள். இரண்டு பாடத்துக்குப் போகவில்லை; படிப்பு அதோடு நின்றது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாளில் சத்திரசிகிச்சை டொக்டர் அம்மாவிடம், எடுத்த குடல்வாலில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை என்றும், எடுத்தது நல்லதுதான் என்றும் சொன்னாராம். அம்மா அதை நல்ல செய்தியாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். "ஒண்டும் இல்லையாம்!" அடுத்த மாதம் அந்த ஒன்றுமில்லாதது திரும்பி வந்தது.

இருபது வயதில் சனல் சென்ரரில் சேர்ந்தபோது, இனி என் நோவுக்கு ஒரு முடிவு வரும் என்றுதான் நினைத்தேன். பின்னே? இருதயம், சிறுநீரகம், எலும்பு, நரம்பு என்று பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கொழும்பின் பாதி டொக்டர்மார் அந்த ஒரு நடைபாதையில்தான் இருப்பார்கள்.

எங்கள் சென்ரரில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர்கள் நம்பர் எடுக்கத் தேவையில்லை. டொக்டர் கடைசி நோயாளியைப் பார்த்து முடித்ததும், கதவடியில் நம்பர் கூப்பிடுகிறவர் தலையை உள்ளே நீட்டிச் சொல்வார். டொக்டர் சும்மா பார்த்துவிடுவார். அது எங்களுக்குப் பெரிய சலுகை. பக்கத்துச் சென்ரர்களில் இப்படி இல்லை என்று நாங்கள் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வோம்.

நம்பர் கூப்பிடுகிறவர் கொம்பனித்தெருவிலிருந்து வருகிற முஸ்லிம் பெண். அவர்கள் வீட்டில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்; அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் தாத்தா. என்மேல் உயிர். என் முகம் வெளிறினால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

"புள்ள, இண்டைக்கி வயித்து டொக்டர் வாறார். கடைசீல ஒன்னப் போட்டுர்றன்" என்பார். நோயாளிகள் முடிந்ததும் கதவைத் திறந்து, "டொக்டர், எங்கட புள்ளயொண்டு ஈக்குது. ரெண்டே ரெண்டு நிமிசம்" என்பார்.

நான் உள்ளே போகும்போது டொக்டர் எழும்பி நிற்பார். ஒரு கையில் பை, மற்றக் கையில் கார்த் திறப்பு. அடுத்த சென்ரரில் அவருக்காக இருபத்தைந்து பேர் காத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், அங்கே வேலை செய்கிறவளோடு நான்தான் போனில் கதைத்திருப்பேன். ஆகவே நானும் சுருக்கமாகச் சொல்வேன்.

"வயித்துக்குத்து, டொக்டர்."

"நேரத்துக்குச் சாப்பிடுறேல்ல என்ன? கவுண்டர்ப் பிள்ளையள் எல்லாருக்கும் கேஸ்ரைட்டிஸ்தான்."

நின்றபடியே ஒரு துண்டில் குளிசை எழுதித் தருவார். நல்ல மனிதர். வாசல்வரை என் தோளில் தட்டிக்கொண்டே வருவார்.

குடல் டொக்டர் அப்படி. பிறகு சிறுநீரக டொக்டர். கல் இருக்கலாம் என்று ஸ்கான் எடுத்தார், கல் இல்லை. முதுகு நோவதால் எலும்பு டொக்டர். கதிரையை மாற்றச் சொன்னார். கவுண்டரில் எங்களுக்குக் கதிரையே இல்லை என்று அவரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு முறை நரம்பு டொக்டரிடமும் போனேன். "யோசிக்கிறது கூட. யோசிக்காதேயும்" என்றார். அதை அவர் சொன்ன நேரத்திலிருந்து நான் கூடுதலாக யோசிக்கத் தொடங்கினேன்.

இப்படி ஒன்பது வருடம். ஒவ்வொரு முறையும் கடைசி ஆள், ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். எழுதப்பட்ட ஒரு பைல்கூட என் பெயரில் கிடையாது. நம்பர் இல்லாதவளுக்கு பைல் எதற்கு? போன தடவை என்ன சொன்னார், எத்தனை மாதமாக, எந்த நாளில், எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊரார் நோவுக்கெல்லாம் "என்ன மாதிரி?" என்று கேட்டவள், என்னுடையதற்கு "வயித்துக்குத்து" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பதினான்கு வருடத்தை ஓட்டியிருக்கிறேன்.

அந்த நடைபாதையில் நான் போகாத கதவு ஒன்று இருந்தது. பெண்களின் டொக்டர். எங்கள் பேச்சில் வீஓஜி. செவ்வாயும் சனியும் வருவார். அவருடைய கதவுக்கு முன்னால் ஆட்கள் இருக்கப் போட்ட வாங்கில் வயிறு தள்ளிய பெண்கள், கணவனோடு வந்த பெண்கள், பிள்ளையில்லாமல் வந்து யாரையும் பார்க்காமல் நிலத்தையே பார்க்கிற பெண்கள். கலியாணமாகாத ஒருத்தி அந்த வாங்கில் இருந்தால் வெள்ளவத்தையில் அது செய்தி. கொட்டாஞ்சேனையில் அதைவிட மோசம். ஒருமுறை பேச்சுவாக்கில் அம்மாவிடம் கேட்டபோது, அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"விசரே உனக்கு? கோயில் சனம் ஒண்டு கண்டால் போதும். ஞாயிறு பூசை முடியிறதுக்குள்ள உனக்கு என்ன மாதமெண்டு கணக்குப் போட்டிருவாங்கள்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். விஷயம் அதோடு முடிந்தது. அவர் சொன்னதில் எனக்கும் சம்மதம் இருந்தது என்பதை இப்போது எழுதத்தான் வேண்டும். "அடிவயித்தில நோ, மாதாமாதம் வருது" என்று வேறு ஒரு கலியாணமாகாத பிள்ளை கவுண்டரில் வந்து சொன்னால் நானும் தாய்க்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வயித்து டொக்டரைப் பாருங்கோவன் முதல்ல" என்றுதான் நம்பர் எழுதியிருக்கிறேன். எத்தனை பேருக்கு எழுதினேன் என்று தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று சில நாள் தோன்றும்.

இருபத்தொன்பதாவது வயதில் நோ மூன்று நாளிலிருந்து ஐந்து நாளானது. குளிசை கேட்கவில்லை. சனி, ஞாயிறுகளில்தான் எங்களிடம் சனம் அலைமோதும். அந்த நாட்களில் நான் இரண்டு தடவை வராமல் நின்றேன். ஒரு சனிக்கிழமை வந்தும் பயனில்லை, மருந்துக்கடைப் படியில் குந்திவிட்டேன். திங்கட்கிழமை மனேஜர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து ஆள், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாதவர்.

"பிள்ளை, உம்மை மாதிரிச் சனத்தோட கதைக்க இஞ்ச வேற ஆளில்லை. அது எனக்குத் தெரியும். ஆனா மாசாமாசம் இப்பிடியெண்டா நான் என்ன செய்ய? நீர் பின்னுக்குப் பைல் அறையில இரும். அங்க இருந்து செய்யலாம், ஒருதரும் கேக்க மாட்டினம். அடுத்த மாசமும் இப்பிடி வந்தால் மாத்திப் போடுவம்."

பைல் அறைக்கு யன்னல் இல்லை. அங்கே வேலை செய்த பிள்ளை ஒரு நாளைக்கு நாலு வசனம் கதைத்தால் அதிகம். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். வேலை போகாது, சம்பளமும் குறையாது. ஆனால் "என்ன மாதிரி?" என்று கேட்க எனக்கு இனி ஒருவரும் வரமாட்டார்கள்.

அடுத்த மாதம் அது வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னேரம் ஐந்து மணி, வரிசை படிவரை நிற்கிறது. நான் நிற்கிறேன், சிரிக்கிறேன், நம்பர் எழுதுகிறேன். இடக்கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருக்கிறது. வீஓஜிக்கு வந்திருந்த ஓர் அம்மா, நாற்பது வயதிருக்கும், பார்த்தாலே ஆசிரியை என்று தெரியும், தன் நம்பரை வாங்கிய பிறகும் நகரவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உமக்கு எந்தப் பக்கம்?"

"என்ன மிஸ்?"

"நோ. எந்தப் பக்கமெண்டு கேக்கிறன். நானும் வகுப்பில மேசையை இப்பிடித்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். ஆசிரியை திரும்பி, "ஒரு நிமிசம் பொறுங்கோ, உங்கட டொக்டர் இன்னும் வரேல்ல" என்றார். அது உண்மைதான்.

"இடப்பக்கம்" என்றேன்.

"ஆரிட்டக் காட்டினனீர்?"

சொன்னேன். குடல், சிறுநீரகம், எலும்பு, நரம்பு.

"ஏன், பல் டொக்டரை மட்டும் விட்டிட்டீர்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் நொந்தது. "என்ர டொக்டரிட்ட ஏன் போகேல்ல?"

"எனக்கு இன்னும் கலியாணமாகேல்ல மிஸ்."

அவர் குரலைத் தாழ்த்தவே இல்லை. "கர்ப்பப்பை என்ன, கலியாணத்தண்டு சீதனத்தோட தாற சாமானே?"

வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் அந்த வசனம் உள்ளே போய் இருந்துவிட்டது. போகும்போது ஒரு பெயரைச் சொன்னார்: எண்டோமெற்றியோசிஸ். தனக்கு அதுதானாம். பெயர் கிடைக்கப் பதினேழு வருடம் ஆனதாம். "உமக்கும் அதுதானெண்டு நான் சொல்லேல்ல. நான் கணக்குப் படிப்பிக்கிறனான், டொக்டர் இல்லை. ஆனா நீர் ஒருக்கா ஒழுங்கா நம்பர் எடுத்துப் போம். ஒளிச்சுப் போகாதேயும்."

ஒழுங்காக நம்பர் எடுத்து. பஸ்ஸில் கொட்டாஞ்சேனைவரை அதையே யோசித்தேன். எல்லோருக்கும் நம்பர் எழுதுகிற நான் எனக்கென்று ஒரு நம்பர் எழுதியதே இல்லை.

எங்கள் சென்ரரில் எடுக்கத் துணிவு வரவில்லை. பொரளையில், என்னை ஒருவருக்கும் தெரியாத இடத்தில், ஒரு பெண் டொக்டருக்குப் போன் பண்ணினேன். மறுமுனையில் இருந்தவள் சிங்களத்தில் என்னைத் தங்கச்சியாக்கி, "நங்கி, ஏழாம் நம்பர்" என்றாள். நான் தினமும் நூறு தடவை செய்கிற காரியம். போனை வைத்துவிட்டு அந்த நம்பரை எனக்கென்று ஒரு துண்டில் எழுதிவைத்தேன். அம்மாவிடம் வேலைக்குப் போவதாகச் சொன்னேன். இது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய பொய்யா என்று பஸ்ஸில் யோசித்து, இல்லை என்று நானே தீர்மானித்தேன்.

டொக்டர் சிங்களப் பெண். மேசையில் கண்ணாடியும் பேனாவும் மட்டும் இருந்தன. கார்த் திறப்பு இல்லை. அதை நான் கவனித்தேன். "இருங்கள்" என்றார். இருந்தேன். எத்தனை வயதில் தொடங்கியது, எத்தனை நாள், குளியலறையில் நோகுமா, கால்வரை இறங்குமா, அந்த நாட்களில் மட்டுமா, முன்னும் பின்னுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலை எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் அடுத்ததைக் கேட்டார்.

ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தமிழில் வாய்க்கு வராத சொற்கள் சிங்களத்தில் வந்தன. தமிழில் அந்த உறுப்புகளுக்கெல்லாம் அம்மா முகம் இருக்கிறது, கோயில் சனத்தின் முகம் இருக்கிறது. சிங்களத்தை நான் கடையிலும் பஸ்ஸிலும்தான் கற்றேன். அங்கே உறுப்பு உறுப்பாகவே இருந்தது.

"நோ எப்படி இருக்கும்? எதைப்போல?" என்று கேட்டார்.

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி என் பக்கம் வந்திருந்தது. யோசிக்க நேரம் எடுத்தேன். அவரும் பொறுத்திருந்தார்.

"ஈரத் துணியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிகிறதுபோல. துணி காய்ந்த பிறகும் விடமாட்டார்கள்" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மாற்றவில்லை. எனக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான்.

ஆசிரியை சொன்ன அதே வருத்தமாக இருக்கலாம் என்றார். கர்ப்பப்பையின் உட்தோல் போன்ற ஒன்று வெளியிலும் வளர்கிறது. மாதாமாதம் அதற்கும் இரத்தம் கசியும், வெளியே போக வழி இருக்காது, அங்கேயே தேங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று படம் கீறிக் காட்டினார். சாதாரண ஸ்கானில் எல்லா நேரமும் தெரியாது என்றார். எனக்குப் புது ஸ்கானில் இடது முட்டைப்பையில் ஒரு கட்டி தெரிந்தது. நிச்சயமாகத் தெரிய, தொப்புளுக்குள் சிறு துளையிட்டுக் கமரா விட்டுப் பார்க்கவேண்டும், பார்க்கிற கையோடு எடுக்கக்கூடியதை எடுத்துவிடலாம் என்றார். கலியாணம் கட்டினால் சரியாகுமா என்று கேட்டேன். "அதை யார் சொன்னது?" என்று கேட்டார். "அம்மா" என்றேன். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா முதலில் கேட்டது, "தனியாவா போனனீ?" என்றுதான். வருத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒப்பரேசனெண்டா ஆர் ஆர் வருவினம்? நான் வரலாமே?" என்றார்.

வந்தார். செபமாலையோடு வெளியே இருந்தார். முடிந்த பிறகு டொக்டர் அவரைக் கூப்பிட்டுக் கமராவில் எடுத்த படங்களைக் காட்டினார். நான் பாதி மயக்கத்தில் கிடந்தேன். பிறகு அப்பா சொல்லித்தான் தெரியும். மண்ணிறமாய்ப் பொட்டுப்பொட்டாக இருந்ததாம். குடலும் முட்டைப்பையும் ஒட்டிக்கொண்டு சிலந்திவலை போல இழுபட்டு இருந்ததாம். அம்மா அந்தக் கடதாசியைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, வெகுநேரம் பார்த்தாராம். "இது எவ்வளவு காலமா இப்பிடி இருந்திருக்கும்?" என்று கேட்டாராம். டொக்டர், சரியாகச் சொல்ல முடியாது, பல வருடம் இருக்கும் என்றாராம்.

அம்மா வாட்டுக்கு வந்தார். என் காலடியில் இருந்து, கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் அம்மா, "மகளுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டபோது, "பெரிய வருத்தம் அக்கா. நாங்க சின்னனெண்டு நினைச்சிட்டம்" என்றார். எனக்கு என்று தனியாக ஒரு மன்னிப்பு வரவில்லை. இதைவிட நான் ஒன்றும் எதிர்பார்க்கவுமில்லை.

தாத்தா வட்டிலப்பத்தோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. அவர் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டார்.

"நாந்தானே புள்ள ஒன்ன ஒவ்வொரு முறையும் கடைசீல தள்ளினது. நல்லது செய்றனெண்டு நெனச்சனே."

"நீங்க இல்லாட்டி அந்த ரெண்டு நிமிசமும் கிடைச்சிராது தாத்தா."

"அந்த ரெண்டு நிமிசம் எனத்துக்கு ஒதவினது?" என்று கேட்டுவிட்டு, வட்டிலப்பத்தை என் பக்கம் தள்ளி, "சாப்புடு. நான் அழுறன், நீ சாப்புடு" என்றார். இருவரும் சொன்னதைச் செய்தோம்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். டொக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: இது முற்றாக மாறுகிற வருத்தமில்லை, குளிசை தொடரவேண்டும், குறையும், திரும்பியும் வரலாம். மனேஜர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"இனி யோசிக்காதேயும் பிள்ளை. பைல் அறையில ஃபான் ஒண்டு புதுசாப் போட்டிருக்கு. உமக்கெண்டுதான்."

மனிதர் உண்மையாகவே ஃபான் போட்டிருந்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது சுலபம்.

"சேர், எனக்கு இருக்கிறது எண்டோமெற்றியோசிஸ்" என்றேன். "கர்ப்பப்பைக்கு வெளியில..."

"சரி சரி பிள்ளை, அதெல்லாம் எனக்குச் சொல்லத் தேவையில்லை." அவர் மேசையில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

"தேவை சேர். வயித்துக்குத்தெண்டு சொல்லித்தானே இவ்வளவு நாள் போனது." இந்தச் சொற்களை முதல் தடவை தமிழில் சொல்கிறேன், அதுவும் அப்பா வயதில் ஒரு ஆம்பிளைக்கு. முழுவதையும் சொன்னேன். மாதவிடாய், முட்டைப்பை, குடல், எல்லாவற்றையும். சொல்லிவிட்டுக் கேட்டேன்: "கவுண்டரில எனக்கொரு ஸ்ரூல் வேணும், உயரமானது. நோ கூடின நாளில தாத்தாவும் நானும் இடம் மாறுவம்; அவ கவுண்டர், நான் வாசலில இருந்து நம்பர் கூப்பிடுறன். அவவோட கதைச்சிட்டன்."

"கவுண்டரில ஆக்கள் இருக்கிறேல்லையே பிள்ளை. சனம் என்ன நினைக்கும்?"

"சனத்திட்ட நான் சொல்லுறன் சேர்."

அவர் கலண்டரில் மூன்று தாளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "மூண்டு மாசம் பாப்பம்" என்றார். "ஃபானை அவிழ்த்துக் கவுண்டருக்குப் பூட்டச் சொல்லுறன்."

முதல் சனிக்கிழமை இரண்டாம் நாள் நோவோடு வந்தேன். முந்தியதைப்போல இல்லை, ஆனாலும் இருந்தது. ஸ்ரூலில் ஏறி இருந்தேன். ஒன்பது வருடம் நின்ற இடத்தில் இப்போது இருந்தபடி பார்த்தபோது எல்லாருடைய முகமும் ஒரே மட்டத்தில் தெரிந்தது. வரிசையில் மூன்றாவதாக நின்ற ஐயா ஒருவர், வழமையாக வருகிறவர், வாய் சும்மா இருக்காது.

"என்ன பிள்ளை, சிம்மாசனம் கிடைச்சிட்டுது போல. நாங்கள் வயசான ஆக்கள் நிக்கிறம், நீர் மகாராணி மாதிரி இருக்கிறீர்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் மனேஜர் எழும்புவது தெரிந்தது.

"எனக்கு எண்டோமெற்றியோசிஸ் ஐயா" என்றேன். "மாதவிடாய் நாளில உள்ளுக்க எல்லா இடமும் இரத்தம் கசிஞ்சு ஒட்டிற வருத்தம். போன மாசம்தான் ஒப்பரேசன். நிண்டால் நோகும், அதுதான் இருக்கிறன்."

சிரிப்பு நின்றது. ஐயா தன் செருப்பைப் பார்த்தார். மனேஜர் எழும்பியபடியே நின்றார். வரவும் இல்லை, இருக்கவும் இல்லை. இதோடு சரி, திங்கட்கிழமை எனக்கு பைல் அறைதான் என்று நினைத்தேன்.

வரிசையின் கடைசியில், பதினைந்து வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிவந்திருந்த தாய், கூட்டத்தைத் தாண்டிக் கழுத்தை நீட்டினார்.

"தங்கச்சி, என்ன பேர் சொன்னனீங்க? ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ."

மெதுவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் கைப்பையைத் துழாவி மருந்துக்கடைத் துண்டொன்றை எடுத்தார், பேனை இல்லை. என் பேனையை நீட்டினேன். அது கைமாறிக் கைமாறி வரிசை நெடுகப் போய்ச் சேர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மனேஜர் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார்.

"பேனை திரும்பி வரட்டும் ஐயா" என்றேன் முன்னால் வந்து நின்றவரிடம். "அதுக்கிடையில சொல்லுங்கோ, உங்களுக்கு என்ன மாதிரி இருக்கு?"